பீட் மாரவிச்சும் அவருடைய அப்பாவும் – கடிதம்

வணக்கம் சார்,

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து வீராங்கனையாக இருந்த கெய்ட்லின் கிளார்க் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்தேன். பீட் மாரவிச் கல்லூரி ஆட்டங்களில் எடுத்த 3,667 புள்ளிகளை அவர் 2024 மார்ச்சில் தாண்டினார் என்று ஒரே வரியில் மாரவிச்சை முடித்துவிட்டீர்கள். யார் இவர் என்று தேடப் போனேன். இரண்டு வாரமாக அவருடைய பழைய வீடியோக்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு ஊர் கோவை. மகள் எட்டாம் வகுப்பு, பள்ளி அணியில் கூடைப்பந்து ஆடுகிறாள். காலை ஐந்தே காலுக்கு எழுப்பிக் கோர்ட்டுக்கு அழைத்துப் போவது நான்தான். கல்லூரி நாட்களில் நானும் ஆடியவன், மாவட்ட அளவைத் தாண்டவில்லை. மாரவிச்சின் அப்பா அவரை ஓடும் காரிலிருந்து பந்து தட்டவைத்துப் பழக்கினார் என்று படித்ததும் உற்சாகமாகிவிட்டேன். மனைவியிடம் சொன்னேன். "அந்தப் பையன் நாற்பது வயசுல செத்துப்போனதையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றாள். அன்றிலிருந்து மனசு சரியில்லை.

என்னோடு ஆடிய நண்பர் ஒருவர் இப்போது கோச். "ஆட்டத்துக்கு முப்பத்தெட்டு தடவை ஷாட் போட்டால் யாரும்தான் நாற்பது எடுப்பான், அவர் அணி எந்தக் கோப்பையை வாங்கியது?" என்கிறார். அது உண்மையா? அந்த அப்பா செய்தது சரியா? அப்புறம் ஒரு சின்ன விஷயம், மகளுக்கு இடது கை பழக மாட்டேன் என்கிறது. இதற்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை, எழுதவேண்டும் போல இருந்தது.

(பெயர் வேண்டாம்)
கோவை

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே வரியில் கடந்து போனது என் தவறுதான். அந்த வரியை எழுதும்போதே உறுத்தியது. ஒருவரின் சாதனை முறியடிக்கப்படும் நாளில் மட்டும் அவர் பெயரைச் சொல்லிவிட்டு நகர்வது நல்ல பழக்கம் இல்லை. அதுவும் மாரவிச் மாதிரி ஒருவரை.

முதலில் உங்கள் கோச் நண்பருக்குப் பதில். அவர் சொல்லும் கணக்கு சரி. லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணிக்காக மாரவிச் மூன்று பருவங்கள் ஆடினார், 1967 இறுதியிலிருந்து 1970 வரை, 83 ஆட்டங்கள். அவற்றில் ரிங்கை நோக்கி 3,166 முறை பந்தை எறிந்திருக்கிறார். ஆட்டத்துக்கு முப்பத்தெட்டு. அதில் 1,387 உள்ளே போயிருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி. எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ 893, ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ஆக 3,667 புள்ளிகள், சராசரி 44.2.

ஆனால் யாரும்தான் எடுப்பான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்தில் அவருக்கு அடுத்த சராசரி நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் காருடையது, 34.6. நடுவில் கிட்டத்தட்ட பத்துப் புள்ளி வித்தியாசம். அன்றைக்கு மூன்று புள்ளிக் கோடு கிடையாது, கல்லூரி ஆட்டத்துக்கு அது 1986இல்தான் வந்தது. மாரவிச் இருபத்தைந்து அடியிலிருந்து போட்டாலும் இரண்டுதான். இத்தனை விநாடிக்குள் ஷாட் எடுக்கவேண்டும் என்ற கடிகாரமும் இல்லை. எதிரணி நினைத்தால் பந்தைத் தங்களுக்குள்ளேயே சுற்றவிட்டு நேரத்தைக் கரைக்கலாம். முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக் கூடாது என்ற விதியால் அவருடைய ஒரு வருடம் முழுவதும் கணக்கில் இல்லை. அந்த வருடம் ஜூனியர் அணியில் அவர் ஆட்டத்துக்கு 43க்கு மேல் எடுத்தார். கூட்டம் அதைப் பார்க்க வந்து, அடுத்து பிரதான அணி இறங்கும்போது எழுந்து போய்விடும் என்று சொல்வார்கள். பிரதான அணி அந்த ஆண்டு மூன்றே ஆட்டங்களில்தான் வென்றது.

2023இல் டெட்ராய்ட் மெர்சி அணியின் அன்டோயின் டேவிஸ் 3,664 வரை வந்து மூன்று புள்ளி குறைவில் நின்றார். ஐந்து பருவங்கள், 144 ஆட்டங்கள் ஆடியிருந்தார். கிளார்க் நான்கு பருவங்களில் 3,951 எடுத்தார். அவர் அசாத்தியமான ஆட்டக்காரர், அவருடைய சாதனையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மாரவிச்சின் 83 என்ற எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

கோப்பை விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வது உண்மை. ஒன்றும் இல்லை. தேசிய சாம்பியன்ஷிப் தொடரில் அவர் ஒருமுறைகூட ஆடியதில்லை. 1970 பிப்ரவரி 7 அன்று அலபாமாவுக்கு எதிராக 69 புள்ளிகள் எடுத்தார். அன்றைக்கு அவருடைய அணி 104–106 என்று தோற்றது. மாரவிச்சைப் புரிந்துகொள்ள இந்த ஓர் ஆட்டம் போதும் என்று தோன்றும். ஒரு மனிதன் 69 எடுக்கிறான், இரண்டு புள்ளியில் தோற்கிறான், பயிற்சியாளர் இடத்தில் உட்கார்ந்திருப்பது அவனைப் பெற்ற அப்பா.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்லவேண்டும், பொதுவாக இதை விட்டுவிடுகிறார்கள். அந்த மூன்று ஆண்டுகளும் மாரவிச்சின் அணி ஆடிய தென்கிழக்கு லீக், அமெரிக்கத் தென்மாநிலக் கல்லூரிகளின் லீக் அது, ஏறக்குறைய முழுக்க வெள்ளையர்களுடையதாக இருந்தது. மாரவிச்சின் அணியில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. காலிஸ் டெம்பிள் அந்த அணிக்கு ஆட வந்தது 1971இல், மாரவிச் போன பிறகு. அதே தென்கிழக்கு லீகில், அதே மூன்று பருவங்களில், வாண்டர்பில்ட் அணிக்காக பெரி வாலஸ் ஆடினார். அந்த லீகின் முதல் கறுப்பின கூடைப்பந்து வீரர். மிசிசிப்பியில் ஓர் ஆட்டத்தில் கண்ணில் அடிபட்டு, இடைவேளைக்குப் பிறகு கூட்டத்தின் ஏச்சுக்கு நடுவே தனியாகக் கோர்ட்டுக்குள் நடந்து வந்தவர். பிறகு சட்டப் பேராசிரியர் ஆனார், 2017இல் மறைந்தார். மாரவிச்சின் 44.2ஐப் போற்றும் அதே மூச்சில் வாலஸின் பெயரும் வரவேண்டும் என்பது என் எண்ணம். எத்தனை நல்ல தடுப்பாட்டக்காரர்கள் தோலின் நிறத்தால் அந்தக் கோர்ட்டுக்கு வெளியே நின்றார்கள் என்பதற்குப் புள்ளிவிவரம் கிடையாது.

சரி, இதையெல்லாம் கழித்துவிட்டால் மாரவிச்சிடம் என்ன மிஞ்சுகிறது? எனக்கு மிஞ்சுவது அவருடைய பாஸ்.

நீங்கள் வீடியோ பார்த்தேன் என்கிறீர்கள், கண்ணில் பட்டிருக்கும். நடுக்கோட்டிலிருந்து வேகமாக வருகிறார். தொளதொளவென்று கணுக்காலில் சரிந்து கிடக்கும் சாம்பல் நிறக் காலுறை, நெற்றியில் முடி. எதிரே ஒரே ஒரு தடுப்பாட்டக்காரர், இரண்டு பக்கமும் தன் அணியைச் சேர்ந்தவர்கள். பந்தைத் தட்டி மார்பு உயரத்துக்கு எழும்பவிடுகிறார். வலது கை பந்தின் மேலாக இடப்பக்கம் வீசிப் போகிறது, ஆனால் பந்தைத் தொடவில்லை. எதிராளி இடப்பக்கம் சாய்கிறார். போன கை அதே வீச்சில் திரும்பி வந்து, இன்னும் காற்றிலேயே நிற்கும் பந்தை வலப்பக்கம் அறைகிறது. அங்கே ஓடிவருகிறவரின் கையில் போய் அது விழுகிறது. எல்லாம் சேர்த்து ஒரு விநாடி இருக்காது. இப்போது ஆடும் பிள்ளைகள் காலுக்கு நடுவிலும் முதுகுக்குப் பின்னாலும் பந்தைக் கொண்டு போவதை யாரும் தவறாக நினைப்பதில்லை. அன்றைக்கு அதைக் கோமாளித்தனம் என்று சொன்ன பயிற்சியாளர்கள் நிறைய. "பிஸ்டல்" என்ற பட்டப்பெயர்கூட இப்படி வந்ததுதான். பள்ளியில் ஒல்லிப் பையனாக இருந்தபோது பந்தைத் தலைக்கு மேலே கொண்டுபோகப் பலம் போதாமல் இடுப்போரத்திலிருந்து எறிவார், உறையிலிருந்து துப்பாக்கியை உருவுவதுபோல.

இனி அந்த அப்பா.

பிரெஸ் மாரவிச் செர்பியக் குடியேறிகளின் மகன். பென்சில்வேனியாவில் அலிக்விப்பா என்ற எஃகு ஆலை ஊர். அங்கே பிறந்த ஒரு பையனுக்கு ஆலைதான் விதி. கூடைப்பந்து அவரை அதிலிருந்து வெளியே கொண்டுவந்தது. போர்க்காலத்தில் கடற்படை விமானி. பிறகு தொழில்முறை ஆட்டம் கொஞ்ச காலம், அது பெரிதாகப் போகவில்லை. 1947இல் பீட் பிறந்தார். தன்னால் முடியாததை இவன் செய்வான் என்று பிரெஸ் முடிவு செய்துவிட்டார்.

பயிற்சிகளை நீங்களே படித்திருக்கிறீர்கள். பையன் கார் ஜன்னலில் சாய்ந்து கையை வெளியே நீட்டிப் பந்தைத் தட்டவேண்டும், அப்பா வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுவார். சினிமாவுக்குப் போனால் ஓரத்து நாற்காலி, நடைபாதையில் பந்து. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு பயிற்சி. இரவு படுக்கையிலும் பந்து. இதைப் படித்ததும் உங்களுக்கு வந்த உற்சாகம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் மனைவி கேட்டது சரியான கேள்வி, அதைத் தள்ளிவிடாதீர்கள்.

பிரெஸ் கெட்ட அப்பா இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் மகனை அடித்து ஆடவைக்கவில்லை. பையன் பந்தை உயிராக நேசித்தான். பிரச்சினை மணி நேரங்களில் இல்லை. அந்த மணி நேரங்கள் எந்தக் கடனை அடைக்கப் போகின்றன என்பதில் இருந்தது. பத்து லட்சம் டாலர் சம்பளம், சாம்பியன்ஷிப் மோதிரம் என்று சின்ன வயதிலேயே அந்தப் பிள்ளையின் தலையில் ஒரு பட்டியல் ஏற்றப்பட்டது. அதற்குப் பிறகு எத்தனை எடுத்தாலும் போதவில்லை. பிரெஸ் அடிப்படையில் கண்டிப்பான பயிற்சியாளர், ஐந்து பேரும் சேர்ந்து ஆடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர். தன் மகனுக்காக அதை விட்டுக்கொடுத்து ஆட்டத்துக்கு முப்பத்தெட்டு ஷாட் போட அனுமதித்தார். அதில் மகனுடைய தேவை எவ்வளவு, அப்பாவுடைய தேவை எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அவர்களாலேயே முடிந்திருக்காது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விரித்துச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. 1970இல் தொழில்முறை லீகான என்பிஏவின் அட்லாண்டா ஹாக்ஸ் அணி அவரை ஏறக்குறைய இருபது லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் எடுத்தது. பல வருடம் ஆடிய மூத்த வீரர்களுக்கு அந்தத் தொகை கசந்தது. 1974இல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணிக்குப் போனார். அதே வருடம் அவருடைய அம்மா தற்கொலை செய்துகொண்டார். குடிப்பழக்கம் கூடியது. 1977இல் நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 68 எடுத்தார், அந்தப் பருவத்தில் என்பிஏவிலேயே அதிகச் சராசரி அவருடையது, 31.1. அடுத்த ஆண்டு முழங்கால் போயிற்று. 1980இல் பாஸ்டன் அணியோடு விலகிக்கொண்டார். அந்தக் கடைசிப் பருவத்தில்தான் என்பிஏவுக்கு மூன்று புள்ளிக் கோடு வந்தது. பதினைந்து முறை எறிந்து பத்தை உள்ளே போட்டார். அதைப் படிக்கும்போது நெஞ்சு ஒருமாதிரி ஆகிறது.

ஆட்டத்தை விட்ட பிறகு இரண்டு வருடம் எதையெல்லாமோ பிடித்துப் பார்த்தார். யோகா, சைவ உணவு, இந்து மதம், பறக்கும் தட்டுகள்கூட. 1982இல் கிறிஸ்தவ நம்பிக்கைக்குள் வந்தார். அது அவரைக் காப்பாற்றியது, குடி நின்றது. மனைவியோடும் இரண்டு சின்னப் பையன்களோடும் அமைதியாக இருந்த வருடங்கள் அவை. அந்தக் காலத்தில்தான் அப்பா சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை எல்லாம் வேறு பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆரம்பித்தார். நீங்கள் பார்க்கும் அந்தப் பயிற்சி வீடியோக்கள் அப்போது எடுத்தவை. கவனித்துப் பாருங்கள், அதில் அவருடைய முகம் கல்லூரிக் கால முகம் இல்லை. எங்கேயும் அவசரம் தெரியாது.

1987 ஏப்ரலில் பிரெஸ் புற்றுநோயால் இறந்தார். பீட் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். அதே ஆண்டு பீட்டின் பெயர் கூடைப்பந்தின் சிறந்தவர்களைப் போற்றும் ஹால் ஆஃப் ஃபேமில் ஏறியது. அந்த மேடையை அப்பா பார்க்கவில்லை.

1988 ஜனவரி 5. கலிபோர்னியாவில் பாசடீனா. கிறிஸ்தவப் பேச்சாளர் ஜேம்ஸ் டாப்சனின் வானொலி நிகழ்ச்சியில் பேசுவதற்காகப் போயிருந்தார். காலையில் ஒரு தேவாலயத்தின் உள்ளரங்கில் டாப்சனும் நண்பர்களும் சேர்ந்து சும்மா ஆடினார்கள். நடுவில் ஓய்வு. உடம்பு எப்படி இருக்கிறது என்று டாப்சன் கேட்டார். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொன்னார் பீட். அடுத்த கணம் விழுந்தார். விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தார்களாம்.

பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது கரோனரி தமனி அவருக்குப் பிறவியிலேயே இல்லை. வலப்பக்கத் தமனி ஒன்றே பெரிதாகி முழு இதயத்துக்கும் வேலை பார்த்திருக்கிறது. அந்த இதயத்தை வைத்துக்கொண்டு எண்பத்து மூன்று கல்லூரி ஆட்டங்களும் பத்து வருடத் தொழில்முறை ஆட்டமும் ஓடியிருக்கிறார். வயது நாற்பது. 1974இல் ஒரு பத்திரிகையாளரிடம், பத்து வருடம் ஆடிவிட்டு நாற்பதில் மாரடைப்பில் சாக விரும்பவில்லை என்று சொல்லியிருந்தார். சரியாக அதுவே நடந்தது.

ஆகவே உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லலாம்: அப்பாவின் பயிற்சி அவரைக் கொல்லவில்லை. குறை பிறப்பிலேயே இருந்தது. அவர் ஆடிய அன்றைக்கு அதைக் கண்டுபிடிப்பது சுலபமில்லை, இன்றைக்கு எக்கோ மாதிரிப் பரிசோதனைகள் இருக்கின்றன. ஆடும் பிள்ளைக்கு ஓடும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால், வெயில், சாப்பிடாமல் வந்துவிட்டாள் என்று காரணம் சொல்லாமல் இதய மருத்துவரிடம் காட்டிவிடவேண்டும். உங்களுக்கு மட்டும் இல்லை, இதைப் படிக்கும் எல்லாப் பெற்றோருக்கும் சொல்கிறேன்.

ஆனால் மனைவி கேட்க வந்தது சாவைப் பற்றி மட்டும் அல்ல என்று எனக்குப் படுகிறது. "நானும் ஆடியவன், மாவட்ட அளவைத் தாண்டவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள். மகளைப் பற்றிய கடிதத்தில் அந்த வரி ஏன் வந்தது என்று நீங்களே ஒருமுறை யோசியுங்கள். ஐந்தே காலுக்கு எழுப்புவதில் தப்பே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுப்பாமல் விட்டுப் பாருங்கள். அவளே பந்தை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றால் அந்த நேரம் அவளுடையது. நிற்கவில்லை என்றாலும் திட்டாதீர்கள், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தூக்கமும் வேண்டும்.

இடது கை பற்றி: பதில் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு அதற்குத்தான் பதில் சொல்ல ஆசை. மாரவிச்சின் பயிற்சிகளில் ஒன்றைச் சொல்கிறேன், கோர்ட்கூட வேண்டாம், மொட்டை மாடி போதும். கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி நிற்கவேண்டும். பந்தை இரண்டு கால்களுக்கும் நடுவில் பிடித்துக்கொள்ளட்டும், ஒரு கை முன்னாலிருந்து, இன்னொரு கை பின்னாலிருந்து. இப்போது பந்தை விட்டுவிட்டு, அது தரையைத் தொடுவதற்குள் கைகளை மாற்றிப் பிடிக்கவேண்டும். முன்னால் இருந்த கை பின்னால், பின்னால் இருந்தது முன்னால். முதல் வாரம் பந்து கணுக்காலில் பட்டு ஓடிக்கொண்டே இருக்கும். பார்க்காமல் செய்ய வரும்வரை மெதுவாகவே செய்யட்டும். இதில் இடது கைக்கும் வலது கைக்கும் ஒரே வேலை, அதனால் வலது கை உதவிக்கு வர முடியாது. அப்புறம் தினமும் பத்து நிமிடம், வலது கையை முதுகில் கட்டிக்கொண்டது மாதிரி வைத்து, இடது கையால் மட்டும் பந்தை முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பவிடாமல் தட்டவேண்டும். உள்ளங்கை படக் கூடாது, விரல் நுனிகள்தான். சத்தம் மாறாமல் ஒரே சீராகக் கேட்டால் கை பழகுகிறது என்று அர்த்தம்.

நீங்களும் ஒரு பந்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்று செய்யுங்கள். இந்தக் கை மாற்றும் பயிற்சியில் அவள் உங்களைவிட வேகமாகத் தேறுவாள். எத்தனை நாளில் என்று எழுதுங்கள்.

அன்புடன்.